சவுக்கங்காட்டுக்குப் போன மாரி

என் அண்ணை ஒவ்வொரு மாரிக்கும், மழை தொடங்கியதும், தன் கூட்டாளிகளோடு காட்டுக்குப் போவார். வடமராட்சிக் கிழக்கில், மணல் மேடுகள் நகராமல் இருக்கவென்று நட்டு வளர்த்த சவுக்கங்காடு அது. அங்கே தங்குவதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பிடித்த மரத்தடியில் படங்கை இழுத்துக் கட்டினால் அதுதான் வீடு. படங்கு என்பது லொறிகளில் நெல்மூட்டைக்கு மேல் போடுகிற தடித்த கன்வஸ் விரிப்பு. எங்கள் தகப்பன், ஐயா, ஒரு லொறிக்காரரிடமிருந்து பழையதொன்றை வாங்கி அண்ணைக்குக் கொடுத்திருந்தார்.

அண்ணை போகிற நாள் வந்தால் வீடு கலியாண வீடு போல இருக்கும். அம்மா மா வறுப்பார், சம்பல் இடிப்பார், மிளகாய்த்தூளைக் கடதாசியில் சுற்றி ஈரம் படாமல் சொப்பிங் பைக்குள் வைப்பார். இரண்டு மூன்று நாள் கழித்து அவர்கள் சேறும் புகைநாற்றமுமாய்த் திரும்பி வருவார்கள். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கும். அம்மா சுடுதண்ணீர் வைத்துக் குளிக்க விடுவார், கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். பிறகு மேசையைச் சுற்றி இருந்து கதை தொடங்கும். காற்றில் படங்கு பறந்ததும், நரி வந்து சோற்றை இழுத்ததும், ஈர விறகை ஊதி ஊதிக் கண் வீங்கியதும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகும். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று கேட்பேன்.

ஒருமுறை கேட்டேன்: "அண்ணை, அடுத்தமுறை நானும் வரட்டே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். "ஓம் வா, எங்களுக்கும் சமைக்க ஆள் இல்லாமல் கிடக்கு" என்றார் அண்ணையின் கூட்டாளி ஒருவர். எனக்கு அப்போது வயது இருபதுக்குக் கிட்ட. தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்கு இரண்டு சிநேகிதிகள் இருந்தார்கள். ஒருத்தி நல்ல உயரம். பள்ளிக்கூடத்து நெற்போல், வலைப்பந்துக் குழுவில் பந்து போடுகிறவள் அவள்தான். அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவள் தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் ஆசிரியை, ஊருக்கு ரீச்சர், மெதடிஸ்த சபைக்காரர். மற்றவள் பாட்டுக்காரி. சங்கீதப் பரீட்சை எல்லாம் எடுத்து, கோயில் திருவிழாவில் பாடக் கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டில் தகப்பன் இருந்தும் சொல் மாமனுடையது. தாயின் தமையன். அவள் எந்த நிறச் சீலை உடுக்கவேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார்.

நாங்கள் மூவரும் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், மூவரும் பெண் சாரணியர். முடிச்சுப் போடவும், மழைக்குள் அடுப்பு மூட்டவும், கூடாரத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓடக் கால் வெட்டவும் முறையாகப் படித்திருந்தோம். ஆனால் எங்கள் பாசறை எல்லாம் பள்ளிக்கூட மதிலுக்குள்தான். காவற்காரர் படலையைப் பூட்டிய பிறகு மாமரத்துக்குக் கீழே கூடாரம் அடிப்போம். மழை தூறினால் வகுப்பறைக்குள் ஓடச் சொல்லி பொறுப்பாசிரியை விசில் ஊதுவார். படித்ததை எங்கே செய்து பார்ப்பது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அது எண்பத்திமூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம். றோட்டில் ஆமி ட்ரக் ஓடத் தொடங்கிவிட்டது. பொடியன்களைக் கண்ட இடத்தில் மறித்தார்கள், ஏற்றினார்கள். அந்த ஐப்பசியில் அண்ணை ஆட்கள் காட்டுக்குப் போகவில்லை. "நாலு பொடியள் காட்டுக்கை நிண்டால் ஆமிக்காரன் சும்மா விடுவானே? கொஞ்சம் அடங்கட்டும், கார்த்திகைக்குப் பாப்பம்" என்றார்கள். படங்கு கொட்டிலுக்குள் சுருட்டியபடி கிடந்தது.

நெட்டைதான் தொடக்கியது. "பொடியளுக்குத்தானே பயம். நாங்கள் போவம்."

"விசரி" என்றாள் பாட்டுக்காரி.  பிறகு, "எப்ப?" என்று கேட்டாள்.

நெட்டை தன் தாயிடம் உள்ளதைச் சொன்னாள். ரீச்சர் அவளை நன்றாகப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். ஆமி றோட்டில் நின்றால் மேற்கொண்டு போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வரச் சொன்னார். அவ்வளவுதான். நானும் பாட்டுக்காரியும் எங்கள் வீடுகளில் பருத்தித்துறையில் கூடப்படித்தவளின் வீட்டுக்குப் போகிறோம் என்றோம். பொய்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பொய்யை எங்கள் வாயில் வைத்ததே அவர்கள்தான்.

படங்கை ஒரு சாக்குக்குள் திணித்து இரண்டு பேராகத் தூக்கினோம். பருத்தித்துறை பஸ் நிலையத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணையின் கூட்டாளி ஒருவர் எங்களைக் கண்டார். "எங்கை பிள்ளையள், மூட்டை முடிச்சோடை?" என்று கேட்டார். "சிநேகிதி வீட்டை" என்றேன். அவர் சாக்கைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுப் போனார்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மணலில் நடந்தோம். மேகம் கறுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தது. காட்டுக்குள் கால் வைத்ததும் வேறு சத்தம். சவுக்கின் இலை ஊசி போல. மழை அதில் விழும்போது கொட்டுகிற சத்தம் வராது, ஒரு சீறல்தான் வரும். அந்தச் சீறலுக்குப் பின்னால் கடல். தரையெல்லாம் உதிர்ந்த சருகு மெத்தை போலக் கிடந்தது. பாட்டுக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மணலில் கட்டை இறுக்கினால் நிற்காது. நாங்கள் முதலில் அடித்த ஆப்புகள் எல்லாம் கயிற்றை இழுத்ததும் பிடுங்கிக்கொண்டு வந்தன. அண்ணை ஆட்களின் படங்கு ஏன் வருஷா வருஷம் பறந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெட்டை தடித்த கொப்புகளை முறித்து, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, குறுக்காகப் போட்டுப் புதைத்து மிதித்தாள். சாரணியத்தில் படித்ததுதான். பிறகு மூவரும் கயிற்றில் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை. சுற்றிவரக் கால் வெட்டி முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. நாங்கள் உள்ளே ஒடுங்கி இருந்து வெளியே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நாங்கள் கட்டின வீடு அது.

மழை விட்டபோது சருகுக்கு அடியில் ஈரம் படாமல் கிடந்த சவுக்கங்காய்களைப் பொறுக்கி அடுப்பு மூட்டினோம். சோறும் பருப்பும், தகரத்தில் அடைத்த ரின்மீனும். சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது. பாட்டுக்காரி பாடினாள், அதுவும் கோயிலில் பாடுகிறமாதிரி இல்லை. தொண்டையைத் திறந்து, கடலுக்குக் கேட்கும்படி பாடினாள். பாடி முடித்துவிட்டு, "மாமா இல்லாத இடத்திலை நான் பாடினது இதுதான் முதல்தரம்" என்றாள்.

அந்தக் காட்டில் நாங்கள் தனியாகவும் இருக்கவில்லை. விடிந்தால் கரையோரத்துப் பெண்கள் சுள்ளி பொறுக்க வருவார்கள். தலையில் கட்டுகளோடு இருவர் எங்கள் படங்கைக் கண்டு நின்றார்கள்.

"ஆர் பிள்ளையள் நீங்கள்? ஆம்பிளையள் எங்கை?"

"ஆம்பிளையள் வரேல்லை அம்மா. நாங்கள்தான்" என்றாள் நெட்டை.

"என்னத்துக்கு மழைக்கை வந்து கிடக்கிறியள்?"

"சும்மா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூத்தவர் போய், கொஞ்சம் கழித்து ஒரு கோப்பை சின்ன மீனோடு திரும்பி வந்தார். "கறி வையுங்கோ. நல்லாய்ப் புளி விடுங்கோ" என்றார். அந்தப் பெண்கள் தினமும் அந்தக் காட்டுக்குள் தனியாக வந்து போகிறார்கள். மழையிலும் வருவார்கள், ஆமி கரையால் போகிற நாளிலும் வருவார்கள். பொம்பிளை காட்டுக்குள் நிற்கக்கூடாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. விறகு சுமக்கப் போகலாம். சும்மா இருக்கப் போகக்கூடாது. இந்த நியாயம் எனக்கு விளங்கியது அடுத்த நாள் மத்தியானம்.

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தூறல். ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டு, ஆமியோ என்று நாங்கள் எழும்பிவிட்டோம். மரங்களுக்கிடையில் முதலில் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே பாட்டுக்காரியின் மாமன். அவருக்குப் பின்னால் அண்ணை, பஸ் நிலையத்தில் எங்களைக் கண்ட கூட்டாளி, இன்னும் இரண்டு பேர்.

ஆமி இல்லை என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"எங்கை அவங்கள்?" என்றார் மாமன்.

"ஆர்?" என்று நெட்டை கேட்டாள்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவங்கள்."

"நாங்கள் பஸ்ஸிலை வந்தனாங்கள்."

மாமன் திரும்பிப் பாட்டுக்காரியின் கன்னத்தில் அறைந்தார். பதில் சொன்னவள் நெட்டை. அடி விழுந்தது பாட்டுக்காரிக்கு. நெட்டை அவருடைய சொத்து இல்லையே. பாட்டுக்காரி கன்னத்தைப் பொத்தவும் இல்லை, அழவும் இல்லை. அப்படியே நின்றாள்.

பிறகு தேடத் தொடங்கினார்கள். மரங்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். அண்ணை குனிந்து மணலில் கால் அடையாளம் தேடினார். மழை எல்லாவற்றையும் அழித்திருந்தது. மாமன் நாங்கள் தேத்தண்ணீர் குடித்த பேணிகளை எடுத்துச் சாராய நாற்றம் வருகிறதா என்று மணந்து பார்த்தார். அண்ணை படங்குக்குள் புகுந்து என் பையைத் தூக்கி வெளியே மணலில் கொட்டினார். என் சட்டைகள், உள்ளுடுப்புகள், தீட்டுத் துணி எல்லாம் அவருடைய கூட்டாளிகளுக்கு முன்னால் ஈர மணலில் கிடந்தன. ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். என் சொந்த அண்ணை. நான் தோய்த்து மடித்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றவர்.

அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்ததென்று நான் சத்தியம் பண்ணுவேன். ஒருத்தனாவது ஒளிந்திருந்து பிடிபட்டிருந்தால் அவர்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும், அவனுக்கு நாலு அடி அடித்துவிட்டு மனம் ஆறியிருப்பார்கள். "ஆம்பிளையள் இல்லாமல் மூண்டு பெட்டையள் மழைக்கை என்னத்துக்கு?" என்று அண்ணை திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நீங்கள் என்னத்துக்கு வாறனீங்கள் அண்ணை?" என்றேன்.

 அவர் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைக் காலால் உதைத்தார். கொதிகஞ்சி நெருப்பில் கொட்டிச் சாம்பல் எழும்பியது.

மீன் தந்த பெண் விறகுக்கட்டோடு அங்கே நின்றதை அப்போதுதான் கண்டேன். "தம்பி, நான் நேற்றும் கண்டனான், இண்டைக்கும் கண்டனான். இந்தப் பிள்ளையள் தனியத்தான் நிக்குதுகள்" என்றார்.

"அம்மா, நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

"என்ரை வேலை இங்கைதான் மோனை" என்றார் அவர். ஆனாலும் போய்விட்டார். அவரால் வேறென்ன செய்ய முடியும்?

அண்ணை படங்கைக் கழற்றப் போனார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கால் ஊன்றி இழுத்தார். கூட்டாளியும் சேர்ந்து இழுத்தார். நெட்டை புதைத்த கொப்பு அசையவே இல்லை. கடைசியில் கத்தியால் கயிறுகளை அறுத்துத்தான் படங்கை எடுத்தார்கள். அந்த நிலையிலும் நெட்டையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர்கள் வாடகைக்குப் பிடித்து வந்த வான் றோட்டில் நின்றது, எங்களை அதில் ஏற்றினார்கள். நெட்டையை அவள் வீட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோகாமல் ஒரு சந்தியில், கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டார்கள். என்னை இறக்கியபோது அம்மா படலையில் நின்றார். "உள்ளுக்கை வராதை. கிணத்தடிக்குப் போய் முழுகு" என்றார். செத்த வீட்டுக்குப் போய்வந்தவளைப் போல அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். சுடுதண்ணீர் எல்லாம் அண்ணைக்குத்தான். ஐயா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு கனகாலத்துக்கு.

ஒரு கிழமைக்குள் ஊர் கதைத்தது. மூன்று பெட்டையள் பொடியன்களோடு காட்டுக்குள் பிடிபட்டார்களாம். யார் சொன்னது? எங்கள் வீட்டுக்காரரை விட்டால், காட்டுக்கு வந்த ஆம்பிளைகளைத் தவிர வேறு ஒருவருக்கும் அந்த விஷயம் தெரியாது. அந்த நல்ல மனிதர்கள்தான், எங்கள் மானத்தைக் காக்கவென்று வான் பிடித்து வந்தவர்கள்தான், போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நான் ஒரு ரியூட்டரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதை நடத்தினவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை கொஞ்ச நாளைக்கு வீட்டிலை நில்லுங்கோ, தாய் தகப்பன்மார் ஒருமாதிரிக் கதைக்கினம்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

நெட்டையின் தாய் மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து, அதை முற்றத்தில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"எங்கை உங்கடை மகன்?"

அண்ணை வெளியே வந்தார்.

"தம்பி, என்ரை மகளை ஆரைக் கேட்டு வானிலை ஏத்தினனீர்? ஆரைக் கேட்டு நடுச் சந்தியிலை இறக்கினனீர்? நான் அவளை விட்டனான். நான் தாய். நீர் ஆர்?"

 ஐயாதான் எழும்பி வந்தார். "ரீச்சர், சத்தம் போடாதேங்கோ. அயல் கேக்கும்."

"கேக்கட்டும். அதுக்குத்தான் இங்கை நிண்டு கதைக்கிறன்" என்றார் ரீச்சர். பிறகு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டைப் பார்த்து இன்னும் உரத்துச் சொன்னார்: "மூண்டு பிள்ளையளும் தனியத்தான் நிண்டவை. ஒரு பிழையும் செய்யேல்லை. பிழை செய்தது இந்த வீட்டு ஆம்பிளை!"

அவர் போன பிறகு அம்மா, "புருஷன் இல்லாத திமிர்" என்றார். அம்மாவோடும் நான் கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

கார்த்திகை வந்தது. ஒருநாள் காலை குசினியிலிருந்து மா வறுக்கிற மணம் வந்தது. முற்றத்தில் படங்கை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். புதுக் கயிறு ஒரு சுருள் பக்கத்தில் இருந்தது. அண்ணையும் கூட்டாளிகளும் போகப்போகிறார்கள். அதே காட்டுக்கு. எங்கள் அடுப்புச் சாம்பல் அங்கே இன்னும் கரைந்திருக்காது.

நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை. குசினிக்குள் போய்க் கொடுவாக்கத்தியை எடுத்தேன். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் நின்றார். முற்றத்தில் குந்தியிருந்து படங்கை வெட்டத் தொடங்கினேன். தடித்த கன்வஸ் இலேசில் வெட்டுப்படாது. ஒரு கையால் மடித்துப் பிடித்து மறு கையால் கொத்தினேன். கயிறு போடுகிற ஓட்டைகள் உள்ள கரைகளை முதலில் வெட்டினேன், பிறகு நடுவை. கை எரிந்தது.

அண்ணை கிணற்றடியிலிருந்து துவாயோடு வந்தார். "என்னடி செய்யிறாய்?"

"வெட்டுறன்."

"உனக்கென்ன விசரே?"

"ஓம்."

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கத்தியைக் கண்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். நான் அவரை வெட்டியிருக்க மாட்டேன். ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது நல்லதென்றுதான் எனக்கு இப்போதும் படுகிறது. அதுவரை நான் அவரை நீங்கள் என்றுதான் கதைத்தவள்.

"நீ என்ரை உடுப்பை உன்ரை கூட்டாளியளுக்கு முன்னாலை கொட்டினாய். நீ சோத்துப் பானையை உதைச்சாய். உன்ரை ஆக்கள் ஊரெல்லாம் போய்ச் சொல்ல நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். நான் படங்கைத்தானே வெட்டுறன்? தள்ளி நில்."

அம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஐயா வந்தார். என்னையும் பார்த்தார், அண்ணையையும் பார்த்தார். கடைசியில் குனிந்து வெட்டுப்பட்ட துண்டுகளில் பெரிய ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்து, "இது மாட்டுக்கொட்டிலுக்குப் போடலாம்" என்றார்.  அந்த வீட்டில் நடந்தது என்னவென்று அவர் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. அண்ணை என்னில் கை வைத்திருந்தாலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்த மாரி அவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருவராலும் போக முடியவில்லை. கரையெல்லாம் ஆபத்தாகி, காட்டுப் பக்கம் சனம் தலைகாட்டுவதும் நின்றுபோனது. விறகு பொறுக்கின பெண்கள் என்ன செய்தார்களோ தெரியாது.

தையில் பாட்டுக்காரிக்குக் கலியாணம். தென்மராட்சியில் மாப்பிள்ளை. அவசரம் அவசரமாக மாமன் பேசி முடித்தது. எனக்குச் சொல்லவில்லை. மேளச் சத்தம் மட்டும் எங்கள் வளவு வரைக்கும் கேட்டது. நெட்டை இந்தியாவுக்குப் படிக்கப் போனாள், பிறகு தாயையும் கூப்பிட்டுக்கொண்டாள். அண்ணை வெளிநாட்டுக்குப் போனார். போகிற அன்றைக்கு என் அறை வாசலில் வந்து நின்று, "இன்னும் அந்தக் கோபமோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்.

எனக்குத் தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நியமனம் கிடைத்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, சவர்க்காரம் யானை விலை, எல்லோரும் சைக்கிள். ஒரு சனிக்கிழமை சாவகச்சேரிச் சந்தையில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். பாட்டுக்காரி. ஒரு பிள்ளை கையில், ஒரு பிள்ளை சீலையைப் பிடித்துக்கொண்டு. மெலிந்து போயிருந்தாள். கிடுகுக் கொட்டிலின் ஓரத்தில் ஒதுங்கி நின்று கதைத்தோம். பாடுகிறாயா என்று கேட்டேன். "பிள்ளையளை நித்திரையாக்க" என்றாள்.

பிறகு, நான் கேளாமலே சொன்னாள். காட்டிலிருந்து கூட்டிப்போன அடுத்த நாள் மாமன் அவளை ஒரு டொக்டரிடம் கொண்டுபோனாராம். பொம்பிளை டொக்டர்தான். கெட்டுப்போயிருக்கிறாளா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி.

"ஒண்டும் இல்லையெண்டு டொக்டர் வெளியாலை வந்து சொன்னவ. மாமா அவவுக்குக் கும்பிட்டு நன்றி சொன்னவர். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அப்பவும் கலியாணத்தை நிப்பாட்டேல்லை." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இவருக்கு உது தெரியாது. உனக்குத்தான் முதல்தரம் சொல்லுறன்."

  நெட்டையை ஒரு சந்தியில் இறக்கிவிட்டதும், என் உடுப்பை மணலில் கொட்டியதும் அந்த நேரத்தில் எனக்குச் சின்ன விஷயமாகப் போய்விட்டன.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் சைக்கிளை நேரே மாமன் வீட்டுக்கு விட்டேன். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். "வா பிள்ளை, இரு" என்றார். ஐயாவின் காணி எல்லையைப் பற்றிக் கேட்டார், அண்ணை எந்த நாட்டில் என்று கேட்டார், வெங்காயம் என்ன விலை போகிறதென்று சொன்னார். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை.

"மாமா, நாங்கள் சவுக்கங்காட்டிலை நிண்ட நேரம் நீங்கள் வந்தனீங்கள்" என்றேன்.

"எந்தக் காடு பிள்ளை?"

"மணல்காட்டுப் பக்கம். மழைக்கை. நான், அந்த ரீச்சரின்ரை மகள், உங்கடை மருமகள். நீங்கள் அவளுக்கு அடிச்சனீங்கள்."

யோசித்தார். நடிக்கவில்லை. உண்மையாகத்தான் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அடிச்சனானோ? அடிச்சிருப்பன். அந்த நேரம் நான் ஆருக்குத்தான் அடிக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

"டொக்டரிட்டைக் கொண்டுபோனனீங்களே?"

"ஆருக்கு வருத்தம்?"

அவர் மனிசி தேத்தண்ணீர் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். சீனி இல்லாத காலம். பனங்கட்டித் துண்டொன்றும் சின்னத் தட்டில் இருந்தது. நான் எழும்பினேன். வருஷக்கணக்காக மனதுக்குள் எத்தனை விதமாய்ச் சொல்லிப் பார்த்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. "நீங்கள் செய்தது அநியாயம்" என்று மட்டும் சொன்னேன். 

"இருக்கட்டும் பிள்ளை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ" என்றார்.

குடிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை சைக்கிளை என்ன வேகத்தில் மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் மறுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மறந்துபோன மனிதனை என்ன செய்வது? ஒருத்தியின் சீவியத்தை அப்படியே பிடித்துத் திருப்பிவிட்டு, அது எந்தக் காடு என்று கேட்கிறான்.

பாட்டுக்காரியிடம் சொல்வதா விடுவதா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு, அவளிடம் மறைக்க நான் யார் என்று தோன்றியது. அடுத்த முறை சந்தையில் கண்டபோது நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கத்தரிக்காய் பொறுக்கித் தெரிந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே பொறுக்கினாள்.

"மறந்துபோச்சாமோ?" என்றாள்.

"ஓம். உண்மையாய்த்தான் மறந்துபோச்சு."

அவள் கையில் இருந்த கத்தரிக்காயைத் திரும்பக் குவியலில் வைத்தாள். பிறகு ஒரு தூஷணம் சொன்னாள். கோயிலில் தேவாரம் பாடின அந்த வாயால், மீன் சந்தையில்கூட நான் கேட்டிராத ஒரு தூஷணம். கத்தரிக்காய்க்காரி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இன்னொருமுறை, இன்னும் உரத்துச் சொன்னாள்.